தந்திக் கம்பி கட்டிய மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் ஊர் பள்ளங்கி. அந்த நாளில் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்றுதான் பொருளாம். ஒருமுறை எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. படித்தவர் ஒருவரைத் தேடித் தாத்தா கொடைக்கானலுக்கு நடந்து போய்த் திரும்பும்வரை வீடே அழுததாம். கடைசியில் பார்த்தால், அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி! அப்பத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே, நம் நாட்டில் தந்தியை நிறுவியவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் வில்லியம் புரூக் ஒஷாக்னசி. 1809-இல் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். இங்கிலாந்தில் காலரா பரவியபோது நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, உடல் இழக்கும் நீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று கண்டுரைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான்! 1833-இல் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தா வந்தார். அங்கே மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார்.

1837-இல் இங்கிலாந்தில் குக்கும் வீட்ஸ்டனும் தந்திக்குக் காப்புரிமை பெற்றனர். அமெரிக்காவில் மோர்ஸ் முயன்றுகொண்டிருந்தார். 1839-இல் நம் மருத்துவர் கல்கத்தா அருகே மூங்கில் கழிகளை நட்டு, 21 மைல் நீளத்துக்குக் கம்பி கட்டிச் செய்தி அனுப்பிப் பார்த்தார். செய்தியை வாங்கும் கருவி எது தெரியுமா? மனித விரல்! கம்பியைத் தொட்ட விரலில் மின்னதிர்ச்சி பட்ட நொடியைக் கடிகாரத்தில் பார்த்து எழுத்தை அறிந்தார்கள். ஆனால் அரசு அசையவில்லை. பத்தாண்டுகள் சும்மா கழிந்தன.

டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்த பிறகே வழி பிறந்தது. 1850-இல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் துறைமுகம் வரை தந்திப் பாதை தொடங்கியது. மெல்லிய கம்பி குரங்குக்கும் பறவைக்கும் புயலுக்கும் தாங்காது என்று தடித்த இரும்புக் கம்பியைப் போட்டார் ஒஷாக்னசி. குரங்குச் சேட்டையைத் தினமும் காணும் கொடைக்கானல்காரர்களுக்கு இதன் அருமை புரியும்!

இந்தப் பணியில் அவருக்கு வலக்கரமாக இருந்தவர் சிவசந்திர நந்தி என்னும் வங்காளி. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். டைமண்ட் துறைமுகத்திலிருந்து முதல் செய்தியைத் தட்டியவர் இவரே. பின்னர் டாக்காவுக்குப் பாதை போட்டபோது பனைமரங்களையே கம்பமாக்கினார். பத்மா நதிக்கடியில் கம்பி பதிக்கக் கப்பல் கிடைக்காதபோது மீன்பிடி படகுகளை வைத்தே முடித்தார்.

1853 நவம்பரில் தொடங்கிய ஆக்ரா பாதை, 800 மைல், மறு மார்ச்சிலேயே முடிந்தது. 1855-இல் சென்னையும் இணைந்தது; பொதுமக்களும் தந்தி அனுப்பலாயினர். 1857-இல் அதே கம்பி நம்மவர் கிளர்ச்சியை அடக்க ஆள்வோருக்கு உதவியதையும் மறப்பதற்கில்லை. கருவி யார் கையில் இருக்கிறதோ, அவர்க்கே அது உழைக்கிறது.

ஒஷாக்னசி 1856-இல் சர் பட்டம் பெற்றார். பின்னர் தாயகம் திரும்பி, பெயரையும் மாற்றிக்கொண்டு, 1889-இல் மறைந்தார். நந்திக்கு 1883-இல் ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. இருவர் பெயரும் நம் பாடப் புத்தகத்தில் என் கண்ணில் படவில்லை. தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

ஆனால் அதன் தத்துவம் நிற்கவில்லை. சென்ற மாதம் நம் ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் ஊசி மின்னோட்டத்தால் விலகியதைக் கண்டேன். 1851-இல் ஒஷாக்னசியின் கருவியிலும் இப்படி ஓர் ஊசியின் அசைவைப் பார்த்தே செய்தி படித்தார்கள். தந்தி படிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை நான். அந்த ஊசியின் கணக்கை இன்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் அப்பத்தாவிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.