நாம் மறந்த ஜோராவர் சிங்

நாயகனை நாடு நினைவில் வைக்கிறது. அவன் வாளுக்கு இரையாகி விழுந்தவனை மறந்துவிடுகிறது. ஜெமினியின் அபூர்வ சகோதரர்கள் என்றதும் இரட்டை வேடமிட்ட எம். கே. ராதாவைச் சொல்வோம், பானுமதியைச் சொல்வோம். (1949-ல் வந்த படத்தைச் சொல்கிறேன், கமல் குள்ளனாக வந்தது நாற்பது ஆண்டு பிந்தியது.) அந்த இரட்டையரின் குடும்பத்தையே கருவறுத்த ஜோராவர் சிங்காக நடித்தவர் யார்? நம் மன்ற நண்பர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

அவர்தாம் ஆர். நாகேந்திர ராவ். 1896-ல் சித்திரதுர்க்கத்தை அடுத்த ஹொளல்கெரேயில் பிறந்த கன்னடத்துக் கலைஞர். இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் விழும்படி பேசவும் பாடவும் தெரிந்தவனுக்கே அங்கே பிழைப்பு. பின்னர் நண்பர் சுப்பையா நாயுடுவுடன் சேர்ந்து சொந்த நாடகக் குழுவும் நடத்தினார்.

கன்னடத்தின் முதற் பேசும்படமான சதி சுலோசனா 1934 மார்ச் 3-ஆம் நாள் நம் பெங்களூரில், சிட்டி மார்க்கெட் பக்கம் இருந்த பாரமவுண்ட் கொட்டகையில் திரையிடப்பட்டது. இயக்கியவர் யார் தெரியுமோ? பாகவதரின் சிந்தாமணியைப் பின்னாளில் எடுத்த அதே ஒய். வி. ராவ். கோலாப்பூரில் படமாக்கினார்கள். சுப்பையா நாயுடு இந்திரஜித்தாக, நாகேந்திர ராவ் இராவணனாக நடித்தனர். கதை இந்திரஜித்தின் மனைவியைப் பற்றியது. ஆகவே இங்கே இராவணன் சீதையைக் கவர்ந்தவன் மட்டுமல்லன். தன் பிழைக்காகப் பெற்ற பிள்ளையைப் போருக்கனுப்பிப் பறிகொடுத்த தகப்பனுமாவான். அவ்வேடத்தை அவர் எப்படித் தாங்கினார் என்று இனி எவரும் பார்க்க வழியில்லை. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

அவர் ஏற்ற வில்லன் வேடங்களில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது வசந்தசேனா (1941) படத்தின் சகாரன். சூத்திரகரின் வடமொழி நாடகத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: அரசனின் மைத்துனன், எழுத்தை மாற்றி உச்சரிப்பவன், அதனாலேயே அந்தப் பெயர் பெற்றவன், புராணக் கதைகளைத் தலைகீழாக உளறுகிறவன். அவையில் இருப்போர் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். அப்படிச் சிரிக்க வைத்த அதே மூடன் வசந்தசேனையின் கழுத்தை நெரிக்கும்போது சிரித்தவர்களே பதற வேண்டும். கோமாளித்தனமும் கொடுமையும் ஓருடலில் குடியிருக்கும் வேடம் அது. இராவணனுக்கு வேண்டிய கம்பீரத்தை இதற்காக முற்றும் களைந்தாக வேண்டும். மீசையை முறுக்கி உருட்டி விழித்தால் போதும் என்று நினைக்கும் நடிகருக்கு இது வாய்க்காது.

1943-ல் அவர் இயக்கிய சத்ய ஹரிச்சந்திராவை ஏ. வி. மெய்யப்பன் மறு ஆண்டே தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். கன்னடத்திலிருந்து தமிழுக்குக் குரல் மாற்றப்பட்ட முதற் படம் அது என்பர். ஆறு ஆண்டு கழித்து வந்தார் ஜோராவர் சிங். பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் கார்சிகச் சகோதரர்கள் கதையைத் தழுவியது அப்படம். 1941-ல் ஆலிவுட்டில் அக்கிம் தமிரோஃப் தாங்கிய வில்லன் வேடம் சென்னையில் இவர் கைக்கு வந்தது. 1971-ல் எம். ஜி. ஆரின் நீரும் நெருப்புமில் அசோகன் அதை ஏற்றார். அசோகனையும் ரசித்தவன்தான் நான். ஆனால் நாகேந்திர ராவ் தாம் செய்வது அநியாயம் என்ற நினைப்பே இல்லாதவர்போல் நடமாடுகிறாரே, அந்த அச்சம் வேறு. உங்கள் ஊர் நடிகர், எங்கள் ஊர் நடிகர் என்று விடுதியில் வாதம் கிளம்பும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வந்துவிடுகிறது. இவரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

அவர் இயக்கிய பிரேமத புத்ரி 1957-ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1968-ல், எழுபதைக் கடந்த வயதில், ராஜ்குமாரும் கல்பனாவும் நடித்த ஹண்ணெலெ சிகுரிதாகவில் முதிய தந்தையாக வந்தார். 1977-ல் மறைந்தார். மகன் சுதர்சனைத் தாமே இயக்கி 1961-ல் விஜயநகரத வீரபுத்ராவில் நாயகனாக்கியிருந்தார். அந்தப் பிள்ளையும் பிற்காலத்தில் தமிழ்ப் படங்களுக்கு வில்லனாகவே வந்து சேர்ந்தார்.