வலியில் பிறந்த முதல் பாட்டு



படிவம் இரண்டில் படித்தபோது திருமுறை ஓதும் போட்டியில் எனக்கு ஒரு வெற்றிக் கிண்ணம் கிடைத்தது. அப்பர் சுவாமிகள் பாடிய முதல் பதிகத்தைத்தான் பாடினேன். தேவார வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி பண்ணும் உச்சரிப்பும் சரியாக வந்தன. நடுவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அது வயிற்று வலியில் துடித்த ஒரு மனிதரின் முறையீடு என்பது 7 ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவருடைய கதை.

அப்பர் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர் என்ற ஊரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். அவருக்கு ஓர் அக்கா, திலகவதியார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம்தான் இவர்கள் வாழ்க்கையை நமக்கு விரிவாகச் சொல்கிறது.

அந்த வீட்டுக்குத் துன்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் செய்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார். இதற்கிடையில் அப்பா நோயில் இறந்தார். அம்மாவும் அவரோடு போய்விட்டார். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையாரின் மரணச் செய்தி வந்தது. இனி வாழ்வதில் பொருளில்லை என்று அக்கா முடிவெடுத்தபோது, தம்பி காலில் விழுந்து அழுதார். அக்கா போனால் தானும் உயிரை விடுவதாகச் சொன்னார். அந்தத் தம்பிக்காக மட்டும் திலகவதியார் உயிர் தரித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பரின் கதையில் முதலில் காப்பாற்றப்பட்டது அக்காவின் உயிர்.

வளர்ந்த மருள்நீக்கியார் சும்மா இருக்கவில்லை. இருக்கும் செல்வத்தை வைத்து அன்னதானம் செய்தார், தண்ணீர்ப் பந்தல் வைத்தார். இத்தனை சாவுகளைப் பார்த்த மனம் நிலையானது எது என்று தேடியது. அந்தத் தேடலில் பாடலிபுத்திரத்திலிருந்த சமணப் பள்ளிக்குப் போனார். அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர். அங்கே கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். அக்காவோ கெடில ஆற்றங்கரையிலுள்ள திருவதிகைக்குப் போய், வீரட்டானேசுவரர் கோயிலில் கூட்டி, மெழுகி, பூப்பறித்து, மாலை கட்டித் தொண்டு செய்தார். தம்பி திரும்பி வரவேண்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

ஒருநாள் தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. குடலைப் பிடித்து முறுக்கும் வயிற்று வலி. உடனிருந்த துறவிகள் மந்திரம் சொன்னார்கள், மந்திரித்த நீரைக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். எதற்கும் அடங்கவில்லை. அத்தனை நூல்களைக் கற்றவர், பலருக்கும் போதித்தவர், வலியில் சுருண்டு கிடந்தார். அப்போது அவருக்கு அக்கா ஞாபகம் வந்தது. சமையல்காரரை அனுப்பினார். அந்தப் பள்ளிக்குத் தான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் தருமசேனர் தம் துறவுக் கோலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளாடை உடுத்தி, யாருக்கும் தெரியாமல் இரவில் கிளம்பினார். இன்றைய சாலையில் அது 20 கிலோமீட்டருக்கு மேல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம்!

அக்கா வாசலில் விழுந்த தம்பியை அவர் திட்டவில்லை. எத்தனை வருஷம் கழித்து வருகிறாய் என்று கணக்கும் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் கோயிலைப் பெருக்கப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சன்னதியில் தருமசேனர் வாய் திறந்து பாடினார். கொல்லிப் பண்ணில் 10 பாடல்கள். நான்காம் திருமுறை தொடங்குவது அந்தப் பதிகத்தோடுதான். பாடி முடித்ததும் சூலை நீங்கியது. நாவுக்கரசு என்ற பெயரை இறைவன் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம்.

இதுவரை நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது அந்தப் பதிகத்துக்குள் இருப்பது. திருமுறை என்றாலே துதி, வணக்கம், புகழ்ச்சி என்றுதான் நினைத்திருந்தேன். இந்தப் பாட்டு அப்படியில்லை. அவர் நேரடியாக இறைவனிடம் சண்டை போடுகிறார். நான் செய்த தவறு என்ன, எனக்கே தெரியவில்லையே என்று கேட்கிறார். பூவையும் தூபத்தையும் தமிழையும் இசையையும் தான் ஒருநாளும் மறக்கவில்லை என்று வாதாடுகிறார். கரையில் நின்றவர்கள் ஆழத்தில் தள்ளிவிட, கால் ஊன்ற இடம் தெரியாமல் தவிப்பவனைப் போலத் தன்னைக் காட்டுகிறார். பத்தாவது பாட்டில், மலைக்கு அடியில் நசுக்கிய இராவணனுக்கே அருள் செய்தாயே, அதை நினைத்துப் பார்க்கமாட்டாயா என்று ஞாபகப்படுத்துகிறார். இராவணன் கதையும் வலியில் பாடி விடுதலை பெற்றவன் கதைதான்.

நான் பொறியியல் படிப்பவன். அளக்க முடியாததை நாங்கள் நம்புவதில்லை. வலி என்பது அளவில்லாமல் வருவது. எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியாது. அப்பர் அதற்கு ஒரு பண்ணைக் கொடுத்தார், சந்தத்தைக் கொடுத்தார், 10 பாட்டு என்று ஓர் எல்லையைக் கொடுத்தார். கத்தி அழுதிருந்தால் அது அவரோடு போயிருக்கும். பாட்டாக்கியதால் வலிக்கு ஓர் உருவம் வந்தது. உருவம் உள்ளதை எடுத்து இன்னொருவர் முன் வைக்க முடியும். அவர் வைத்தார். கலை குணமாக்குவது இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். வலியை மறைத்து அழகாகப் பாடுவது வேறு, வலியை அப்படியே பாடுவது வேறு.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்தான். அங்கே அவர் பாடியது வெப்பத்தை அல்ல. வீணையின் இசை, மாலை நேரத்து நிலா, தென்றல், குளம் என்று குளிர்ச்சியைப் பாடினார். அதிகையில் வலியை வலி என்று பாடத் தெரிந்தவருக்குத்தான் நெருப்புக்குள் நிலாவைப் பாட முடிந்தது. முதல் பாட்டு இல்லாமல் இந்தப் பாட்டு வந்திருக்காது.

பிறகு அந்தப் பாட்டு அடுத்தவர் வலிக்கும் மருந்தானது. திங்களூரில் அப்பூதி அடிகள் என்பவர் அப்பரைப் பார்க்காமலேயே தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரை வைத்திருந்தார். அப்பர் வந்த நாளில், விருந்துக்கு வாழையிலை அறுக்கப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. விருந்து கெடக்கூடாதென்று பெற்றோர் மகனின் உடலை மறைத்து வைத்தார்கள். உண்மை தெரிந்த அப்பர் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்ப் பாடினார். பையன் தூங்கி எழுந்தவன்போல எழுந்தான். தன் வயிற்றுக்காகப் பாடத் தொடங்கியவர், இன்னொருவர் பிள்ளைக்காகப் பாடும் இடத்துக்கு வந்துவிட்டார்.

பாட்டு மட்டுமல்ல. கையில் உழவாரப் படையோடு ஊர் ஊராகக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். அக்கா அதிகையில் செய்த அதே தொண்டு. சீர்காழியில் ஞானசம்பந்தப் பிள்ளையார் அன்போடு அப்பர் என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்தது. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய பதிகங்கள் 312. நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகள் முழுவதும் அவருடையவை. 81 வயது வரை வாழ்ந்து, திருப்புகலூரில் சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன ஆண்டு இரண்டு பாடங்களில் தோற்றுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. வயிறு எரிய ஆரம்பித்தது, இரவில் தூக்கம் போனது. கிளினிக்கில் டாக்டர் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார், மன அழுத்தம் இருக்கா என்றும் கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். ஓர் இரவு தாங்க முடியாமல் அக்காவுக்கு போன் போட்டேன். அவர் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, சின்ன வயதில் கிண்ணம் வாங்கிய அந்தத் தேவாரத்தைப் பாடு, கேட்கிறேன் என்றார்.

ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து பாடினேன். மூன்றாவது பாட்டில் குரல் உடைந்துவிட்டது. போட்டியில் பாடியிருந்தால் கண்டிப்பாக மார்க் போயிருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் அந்தச் சொற்கள் எனக்குப் புரிந்தன. எனக்கு அற்புதம் எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் வயிறு எரிந்தது. ஆனால் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்ல முடிந்தது. அம்மா அப்பாவிடம் சொல்ல முடிந்தது. மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஒரு பாடத்தில் இப்போது பாஸ். இன்னொன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நம்மில் பலர் வலியை வெளியே காட்டக்கூடாது என்றே வளர்ந்திருக்கிறோம். நண்பர்களே, பாடத் தெரிந்தால் பாடுங்கள். வரையத் தெரிந்தால் வரையுங்கள். மிருதங்கமோ பரதமோ கற்றுவிட்டுப் பாதியில் விட்டிருந்தால் மறுபடியும் எடுங்கள். நன்றாக வரவேண்டும் என்பதில்லை, உண்மையாக வந்தால் போதும். மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடமும் போங்கள். உங்களுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், இரவில் வரும் அழைப்பை எடுங்கள். அப்பரின் முதல் பாட்டுக்கு முன்னால், விடியும்வரை கூடவே இருந்த ஓர் அக்கா இருந்தார்.

திருச்சிற்றம்பலம்.