பொன் துகளும் ஃபாரடேயும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கே இறங்கிப் பாறை பிளந்து பொன் எடுத்தனர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. துருவேறாது, எளிதில் எதனோடும் கூடாது என்பதே பொன்னுக்குப் பெருமை. அந்தப் பொன்னும் நுண்துகளானால் நிறம் மாறும் என்று காட்டியவர் மைக்கேல் ஃபாரடே.

1791-இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்போ சொற்பம். பதினான்காம் வயதில் இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகினார். கட்ட வந்த நூல்களையே படித்தார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, நூலாகக் கட்டி, அவருக்கே அனுப்பினார். 1813-இல் அவருடைய ஆய்வுக்கூட உதவியாளரானார்.

மின்சாரத்தில் ஃபாரடேயின் புகழ் யாவரும் அறிந்ததே. 1834-இல் அவர் வேறொன்றும் வெளியிட்டார். தூய பிளாட்டினத் தகட்டின்மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நீராகின்றன, தகடு மாறுவதில்லை. அழுக்குப் படிந்தாலோ வேலை நின்றுவிடும். ஆகவே, வினையூக்கியின் ஆற்றல் அதன் மேற்பரப்பில் என்பது விளங்கிற்று. 1857-இல் பொன் உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் செலுத்தி, மாணிக்கச் சிவப்பான நீர்மம் பெற்றார். அச்சிவப்பு பொன் நுண்துகள்களின் நிறமே என்று அறிவித்தார்.

நைட் பட்டத்தை ஏற்க மறுத்த அம்மேதை 1867-இல் மறைந்தார். 1987-இல் ஜப்பானிய அறிஞர் ஹருட்டாவின் குழுவினர், சில நானோமீட்டர் அளவே உள்ள பொன் துகள்களை இரும்பு ஆக்சைடு முதலியவற்றின்மேல் படியவைத்தனர். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு, சுழிக்குக் கீழே 70 பாகைக் குளிரிலும் ஆக்சிஜனோடு கூடியது! துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். விளிம்பிலுள்ள அணுக்களும் மிகும். சோம்பிக் கிடந்த பொன் உழைப்பது இதனாலன்றோ!

தோழர்களே! கட்ட வந்த நூலைப் படித்து உயர்ந்த அக்கொல்லன் மகனுக்குக் கல்லூரி வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது.