தூண் நின்ற தெருவின் முகங்கள்

பிரேசில் நாட்டின் சால்வடோர் நகரில் பெலோரின்யோ என்றொரு பழைய குடியிருப்பு உள்ளது. போர்த்துகீசிய மொழியில் அச்சொல் அடிமைகளையும் குற்றவாளிகளையும் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த தூணைக் குறிக்கும். 1549 முதல் 1763 வரை அந்நகரே போர்த்துகீசியப் பிரேசிலின் தலைநகர். ஆப்பிரிக்கரின் உழைப்பில் விளைந்த கரும்பும் புகையிலையும் அங்கே மாடமாளிகைகளாகவும் பொன் பூசிய தேவாலயங்களாகவும் உயர்ந்தன. தூண் அகன்றபின்னும் பெயர் அகலவில்லை. செல்வர்கள் வேறிடம் பெயர்ந்தபின், அடிமைகளின் வழித்தோன்றல்களான ஏழை மக்கள் அம்மாளிகைகளில் அறைக்கொரு குடும்பமாகக் குடியேறினர்.

அத்தெருக்களுக்கு 1946 ஆகஸ்டில் வந்து சேர்ந்தார் பியர் வெர்ஜே. 1902-இல் பாரிசில் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், 1932-இல் தாயை இழந்தார். அதன்பின் ரோலிஃபிளெக்ஸ் கேமராவுடன் உலகைச் சுற்றலானார். ஜோர்ஜ் அமாடோவின் நாவலொன்றைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்ததே அவரைச் சால்வடோருக்கு ஈர்த்தது. ஓ குரூசெய்ரோ என்னும் இதழுக்குப் படமெடுப்பது அவர் தொழிலாயிற்று.

அந்தக் கேமராவை முகத்தருகே உயர்த்த வேண்டுவதில்லை. வயிற்றளவில் பிடித்துக் குனிந்து நோக்கினால் போதும். எதிரே நிற்பவர்க்கும் எடுப்பவர்க்கும் இடையே கருவி திரையாகாது. அவர் படங்களில் காணும் இயல்புக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மாளிகைகளின் முகப்புகள் பின்னணியாக ஒதுங்க, சுமை தூக்குவோரும் மீனவரும் கப்போயிரா ஆடுவோரும் நடைபாதையில் உறங்குவோருமே முன்னிற்கின்றனர். வசதி படைத்த ஐரோப்பியரின் கண் வறுமையை அழகாக்கிவிட்டதோ என்னும் ஐயம் எழாமலில்லை. அவ்வையத்தை முற்றும் தள்ளிவிடவும் இயலாது. பசியைவிட உடலின் பொலிவே அப்படங்களில் மிகுதி.

ஆயினும் வெர்ஜே படத்தோடு நின்றாரல்லர். காந்தோம்ப்ளே வழிபாட்டு இல்லங்களில் யொரூபா தெய்வங்கள் போற்றப்படுவதைக் கண்டு, அவற்றின் தாயகம் தேடிக் கடல் கடந்தார். டாக்காரிலிருந்த ஆய்வு நிறுவனம் அவருக்கு உதவித்தொகை வழங்கியது. படங்கள் மட்டும் போதா, எழுதவும் வேண்டும் என்று அதன் தலைவர் தியோடர் மோனோ வற்புறுத்தினார். எழுத்தில் நாட்டமில்லாத அவரை ஆய்வாளராக்கியது இந்த வற்புறுத்தலே. 1949-இல் தாகோமேயின் உய்தா நகரில், 19-ஆம் நூற்றாண்டு அடிமை வணிகர் ஒருவரின் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் அவர் கைக்குக் கிட்டின. 1953-இல் கேத்து என்னும் ஊரில் இஃபா குறிசொல்லும் மரபில் தீட்சை பெற்று ஃபத்தும்பி என்னும் பெயர் பூண்டார்.

பாகியாவின் தாழ்ந்தரப் புகையிலை பெனின் வளைகுடாவில் மனிதர்க்கு விலையான கதையையும், 1835-இல் சால்வடோரில் எழுந்த கிளர்ச்சிக்குப்பின் ஆப்பிரிக்கா திரும்பியோரின் வரலாற்றையும் ஆவணங்களில் துருவினார். பதினேழு வயதில் பள்ளியை விட்ட அவருக்கு 1966-இல் சோர்போன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. பட்டத்துக்கென்றே ஆய்வு நிகழ்வதைக் கண்டு பழகியோர்க்கு இது வியப்பூட்டும்.

1985-இல் சால்வடோரின் பழைய நகரப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1990-களில் அரசு பெலோரின்யோவின் வீடுகளைப் புதுக்கி வண்ணம் தீட்டியது. கடைகளும் உணவகங்களும் வந்தன. குடியிருந்தோருள் பெரும்பாலோர் சிறு இழப்பீடு பெற்று வெளியேற்றப்பட்டனர். அதே நகரின் எளிய பகுதியொன்றில் சிறு வீட்டில் வாழ்ந்த வெர்ஜே, 1996 பிப்ரவரி 11-இல் மறைந்தார். அவ்வீட்டில் 1988-இல் அவர் நிறுவிய அறக்கட்டளை ஏறத்தாழ 62,000 நெகட்டிவ்களைக் காத்து வருகிறது. பெலோரின்யோவின் பழைய குடிகள் பலரது முகங்கள் அவற்றில் உள்ளன.