விதைக்கும் முன் சோதிச்சுப் பார்த்த அமைச்சர்



அரசாங்கம் ஒரு புதுத் திட்டம் போடுது. அது பலிக்குமான்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது? பலிச்சுதான்னு பின்னாடி எப்படிப் பார்க்கறது? இந்த ரெண்டு கேள்விக்கும் தன் வேலையாலேயே பதில் சொன்னவர் நம்ம கொங்கு மண்ணின் மைந்தர் சி.சுப்பிரமணியம். சி.எஸ். என்றால் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குச் சட்டுனு தெரியும்.

1910 ஜனவரி 30 அன்று பொள்ளாச்சி பக்கத்துல செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தார். சென்னையில் இயற்பியலும் பிறகு சட்டமும் படித்தார். கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்தார். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டு வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் இவர்தான்.

1964-ல் சாஸ்திரி பிரதமரானதும் சி.எஸ். உணவு, விவசாய அமைச்சரானார். அப்போ யாரும் விரும்பிக் கேட்காத இலாகா அது! அமெரிக்காவில் இருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் சாமான் கிடைக்கும்.

அவர் முதல்ல கணக்குப் போட்டார். ஜனத்தொகை வேகமா ஏறுது. கோதுமை விளைச்சலோ ஒரு எக்டேருக்கு ஒரு டன்கூடத் தாண்டலை. இப்படியே போனா வருஷா வருஷம் கப்பலையே எதிர்பார்த்து நிக்கணும்.

சரி, என்ன வழி? இறக்குமதியையே தொடரலாம். இன்னும் கொஞ்சம் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டு வரலாம். இல்லைன்னா இருக்கிற நிலத்திலேயே விளைச்சலைக் கூட்டலாம். சி.எஸ். மூணாவது வழியை எடுத்தார். பழைய கோதுமைப் பயிர் உயரமா வளரும். உரம் கூடப் போட்டா கதிர் கனத்துச் சாஞ்சுடும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகம் சாயாம நின்னு விளைஞ்சுது. எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற நம்ம விஞ்ஞானிகள் இதை இங்கே ஆராய்ச்சி செய்துட்டு இருந்தாங்க.

எதிர்ப்பு பலமா இருந்தது. அந்நியச் செலாவணி வீண், உரத்துக்கும் வெளிநாட்டை நம்பணும், பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் என்றெல்லாம் சொன்னாங்க. சி.எஸ். மேடையில மட்டும் பதில் சொல்லலை. விவசாயிகளோட சொந்த நிலத்திலேயே மாதிரி வயல்கள் போட வைத்தார். டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியைக்கூட உழுது கோதுமை விதைத்தார்! பக்கத்து வயலில் நாலு டன்னுக்கு மேல விளையறதைக் கண்ணால பார்த்த விவசாயி விதை கேட்டுத் தானா வந்தார்.

விதை மட்டும் போதாதே. விளைஞ்சதுக்கு விலை இல்லைன்னா யார் உரம் வாங்குவாங்க? அதனால் 1965-ல் விலையைப் பரிந்துரைக்க விவசாய விலைக் கமிஷனும், நெல், கோதுமையைக் கொள்முதல் பண்ண இந்திய உணவுக் கழகமும் வந்தன. அப்புறம்தான் 1966-ல் மெக்சிகோவில் இருந்து 18,000 டன் விதை இறக்குமதி ஆச்சு.

இதற்கிடையே மழை பொய்த்தது. 1964-65-ல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, அடுத்த வருஷம் 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1967 பொதுத் தேர்தலில் கோபிச்செட்டிபாளையம் தொகுதியில் நின்ற சி.எஸ். தோற்றுப் போனார். நம்ம ஜில்லாக்காரரை நம்ம ஜனங்களே தோற்கடிச்சாங்க!

ஆனா விதை அதுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள போயிடுச்சு. 1968-ல் கோதுமை சுமார் 1.65 கோடி டன் விளைந்தது. அதுவரை காணாத அளவு. மூட்டை வைக்க இடமில்லாம வடக்கே சில ஊர்களில் பள்ளிக்கூடத்தைக்கூட மூடி கிடங்காக்கினாங்க. அந்தச் சமயத்தில் சி.எஸ். அமைச்சர் இல்லை.

விளைச்சல் கூடுச்சுன்னு எப்படிச் சொல்றாங்க தெரியுமா? பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு ஒண்ணு. குலுக்கல் மாதிரி வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு சின்னக் கட்டத்தை அளந்து, அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. சாப்பிடறவங்க பேச்சையும் கேட்டாங்க. மெக்சிகோ கோதுமை சிவப்பா இருக்கு, சப்பாத்தி நல்லா இல்லைன்னு ஜனங்க குறைப்பட்டாங்க. விஞ்ஞானிகள் கல்யாண் சோனா, சோனாலிகா என்ற வெளிர்நிற ரகங்களைக் கொண்டு வந்தாங்க.

கணக்கு இன்னும் முடியலை. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கிட்டே போகுது. அன்னிக்குப் பசியை அளந்தோம். இன்னிக்குத் தண்ணியையும் அளக்க வேண்டியிருக்கு.

1998-ல் சி.எஸ். பாரத ரத்னா பெற்றார். 2000 நவம்பர் 7 அன்று மறைந்தார்.

நண்பர்களே! நாமும் மரம் நடு விழாவில் கன்று நட்டு, கை தட்டிட்டுப் போயிடறோம். அடுத்த வருஷம் எத்தனை கன்று உயிரோட நிக்குதுன்னு யாராவது எண்ணினோமா? வாங்க, இந்த வருஷம் எண்ணுவோம்!