மண்ணீரலில் கண்ட உயிரி

சென்னை இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் டோனவன். 1863-இல் கொல்கத்தாவில் பிறந்த இவர், அயர்லாந்தில் மருத்துவம் பயின்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார்.

அந்நாளில் நெடுங்காய்ச்சலால் உடல் மெலிந்து, வயிறு பருத்து மாண்டோர் பலர். அதனை மலேரியா என்றே எண்ணிக் கொயினா கொடுத்தனர், காய்ச்சல் தணியவில்லை. டோனவன் ஐயுற்றார். இறந்தோரின் மண்ணீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மலேரியாக் கிருமி அல்லாத நுண்ணுடல்களைக் கண்டார். இறந்தபின் நேர்ந்த சிதைவாக இருக்குமோ என்னும் ஐயம் எஞ்சியது. 1903 ஜூனில், உயிருடனிருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த குருதியிலும் அவையே தென்பட்டன, ஐயம் அகன்றது.

ஆயினும், டம்டம்மில் நோயுற்றுப் பின் இறந்த படைவீரர் ஒருவரிடம் இவற்றைக் கண்டிருந்த லீஷ்மன், சில கிழமைகள் முந்தியே கட்டுரை வெளியிட்டிருந்தார். முதலில் கண்டவர் யார் என்னும் பூசல் மூண்டது. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து, அவ்வுயிரிக்கு 'லீஷ்மேனியா டோனவனி' எனப் பெயரிட்டார்.

கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்களுக்குள்ளேயே குடிபுகுந்து பெருகும் விந்தை உயிரி அது! அதனை மனிதரிடையே பரப்புவது மணல் ஈ என்பது 1942-இல், சுவாமிநாத் உள்ளிட்டோரின் ஆய்வால் உறுதியாயிற்று. அப்போது டோனவன் ஓய்வுபெற்று, இங்கிலாந்தில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951-இல் அங்கேயே மறைந்தார்.