கற்குவாரி மக்களின் பாரி

நம் மூத்த தலைமுறையினரிற் பலர் அகரம் பயின்றது கற்பலகையிலேதான். துடைத்துத் துடைத்து எழுதிய அக்கரிய பலகை எந்த மலையின் வயிற்றிலிருந்து வந்தது என்று அந்நாளில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பலகை பலகையாகப் பிளக்கும் அந்தக் கல்லுக்கு உலகிலே பெயர்பெற்ற தாயகம் வேல்ஸ் நாட்டின் வடபகுதியாகும். 1898ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழப் பதினேழாயிரம் தொழிலாளர் ஐந்து இலட்சம் தொன் கல் எடுத்தனர். இங்கிலாந்தின் நகரங்களிலே எழுந்த வீடுகளுக்கெல்லாம் அக்கல்லே கூரையாயிற்று. ஊரார் வீடுகளுக்குக் கூரை தந்த அம்மக்கள் தம் உரிமைக்காகத் தம் வீடுகளையே இழக்க நேர்ந்த வரலாறு துயரமானது. அவ்வரலாற்றோடு பின்னிக் கிடப்பது வில்லியம் ஜோன் பாரியின் வாழ்க்கை.

பாரி என்றதும் பறம்புமலை வள்ளலே நம் நினைவுக்கு வருவான். இவருக்கும் அவனுக்கும் பெயரொலியன்றி வேறு தொடர்பு இல்லை. ஆயினும், இவர் வரலாற்றிலும் ஒரு மலை உண்டு. நெடுநாள் நீடித்த ஒரு முற்றுகையும் உண்டு.

வில்லியம் ஜோன் பாரி 1842ஆம் ஆண்டிலே பெதெஸ்தா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தேவாலயம் ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் அது. அதன் அருகே, உலகிலேயே மிகப் பெரியதெனப் பின்னாளிற் பெயர்பெற்ற பென்றின் கற்குவாரி, படிப்படியாக வெட்டப்பட்ட பெருமலையாய் உயர்ந்து நின்றது. குவாரிக்கு உரிமையாளர் பென்றின் பிரபுக்கள். அக்குடும்பத்தின் பழைய செல்வம் யமேக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களிலே அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. பிரபுவின் மாளிகையிலே ஆங்கிலம் வழங்கிற்று. தொழிலாளரின் குடிசைகளிலே வேல்ஸ் மொழி வழங்கிற்று. அவர் அங்கிலிக்கன் திருச்சபையினர். இவர்கள் தனித்த தேவாலயங்களிலே வழிபட்டவர்கள். அவர் பழமைக் கட்சியினர். இவர்கள் தாராண்மைக் கட்சியினர். கூலிப் பிணக்கு எழுவதற்கு முன்னரே இரு சாராருக்கும் இடையே அகன்ற பள்ளம் வெட்டப்பட்டிருந்தது.

பாரி உளியேந்திப் பிழைத்தவரல்லர். கணக்கராகத் தொழில் நடத்தினார், பத்திரிகைகளில் எழுதினார், ஊர்ச் சபையிலும் பின்னர் மாவட்டச் சபையிலும் அமர்ந்தார். எனினும், தாம் பிறந்த ஊரின் மூச்சு அந்த மலையிலேதான் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். ஏட்டிலே உள்ள எண்களுக்குப் பின்னால் எத்தனை வயிறுகள் நிற்கின்றன என்பதையும் உணர்ந்திருந்தார்.

குவாரியிலே கூலி நிருணயிக்கப்பட்ட முறையை அறியாமல் இப்போராட்டத்தை விளங்கிக்கொள்ளல் அரிது. சிலர் கூடி ஒரு குழுவாகச் சேர்வர். மலைமுகத்திலே சில யார் அகலமுள்ள பகுதி அவர்களுக்கு ஒதுக்கப்படும். இதற்குப் 'பேரம்' என்று பெயர். மாதந்தோறும் மேற்பார்வையாளர் வந்து பாறையைப் பார்த்து விலை பேசுவார். நல்ல பாறைக்கு விலை குறைவு. பிளக்க அரிதான பாறைக்கு விலை கூடுதல். குழுவினருட் சிலர் கயிற்றிலே தொங்கிப் பாறையைப் பெயர்ப்பர். சிலர் கொட்டகையிலே இருந்து கல்லைப் பிளந்து அளவாக வெட்டுவர். அக்கற்களின் அளவுகளுக்கு டச்சஸ், கவுன்ரஸ், லேடி எனப் பிரபுகுலப் பெண்டிரின் பட்டங்களே பெயராய் அமைந்தன. பேரம் பேசுகின்றவன் தன்னைக் கூலியாளாகக் கருதுவதில்லை. தன் திறமைக்கு விலை கூறும் உரிமையுடையவனாகவே கருதினான். ஆனால், மேற்பார்வையாளரின் விருப்பும் வெறுப்புமே பல வேளைகளில் அவ்விலையை வகுத்தன. தனியொருவன் முறையிட்டால் அவனுக்கு அடுத்த மாதம் கிடைப்பது கெட்ட பாறை. ஆதலின், சேர்ந்து பேசுவதொன்றே வழியாயிற்று.

1874ஆம் ஆண்டிலே வட வேல்ஸ் கற்குவாரித் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோருள் ஒருவராகிய பாரி அதன் முதற் செயலாளரானார். பின்னர் தலைவராகவும் விளங்கினார். அவ்வாண்டிலேயே பென்றின் குவாரியில் எழுந்த வேலைநிறுத்தம் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. பிரபுவின் பிரதிநிதியாகிய பெனன்ட் லொயிட் என்பவரின் பெயரால் வழங்கும் அவ்வுடன்படிக்கை, தொழிலாளர் தெரிந்தெடுத்த குழு பிணக்குகளை எடுத்துரைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. பாரியின் வாழ்விலே மிக ஒளிபெற்ற வேளை அதுவே எனலாம்.

அவ்வொளி பதினோராண்டே நிலைத்தது. 1885ஆம் ஆண்டிலே மூத்த பிரபுவின் மகன் ஜோர்ஜ் சோல்ற்றோ குவாரி நிருவாகத்தைக் கையேற்றார், உடன்படிக்கையைத் தள்ளிவிட்டார். குவாரி தமது சொத்து. அதில் யாருடன் பேசுவது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும். தனியாளாய் வருபவனின் குறையைக் கேட்கலாம், குழுவாய் வருபவரைக் கேட்பதற்கில்லை. இதுவே அவர் கொள்கை. அவர் இலண்டனிலிருந்து வரவழைத்து முகாமையாளராக்கிய யங் என்பவரும் ஒரு கணக்கரே. ஒரு மலையின் இரு பக்கங்களிலும் இரு கணக்கர் நின்றனர். ஒருவர் கல்லின் செலவைக் கணக்கிட்டார். மற்றவர் மனிதனின் செலவைக் கணக்கிட்டார். இரண்டு ஏடுகளும் இறுதிவரை ஒத்துவரவில்லை.

1896ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பிணக்கு முற்றியது. குறைகளை எடுத்துரைத்த குழுவினர் இடைநிறுத்தப்பட்டனர். குவாரி பதினொரு மாதம் மூடிக்கிடந்தது. அவ்வாண்டிலே பிறந்த இணக்கச் சட்டத்தின்படி அரசின் வர்த்தகச் சபை நடுவே வர முயன்றது. பிரபு இடங்கொடுக்கவில்லை. 1897இல் தொழிலாளர் மீண்டனர், மனப்புண் ஆறவில்லை.

1900ஆம் ஆண்டிலே குவாரிக்குள் சங்கச் சந்தா சேர்ப்பது தடுக்கப்பட்டது. சிறு குழுக்களின் பேரத்தை ஒழித்துப் பெரிய ஒப்பந்தகாரரைப் புகுத்தும் முயற்சியும் நடந்தது. ஒப்பந்தகாரர் சிலர் தாக்கப்பட்டனர். இருபத்தாறு பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தோழருக்குத் துணையாக நீதிமன்றம்வரை ஊர்வலமாய்ச் சென்றவர்கள் இரண்டு வாரம் வேலையிழந்தனர். மீண்டு வந்தபோது சில குழுக்களுக்குப் பேரம் கொடுக்கப்படவில்லை. எல்லாருக்கும் வேலையில்லையெனில் எவருக்கும் வேலை வேண்டா என்று நவம்பர் 22ஆந் திகதி ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு பேர் கருவிகளை ஏந்தி மலையிறங்கினர். அம்மலைக்கு அவர்களுட் பலர் மீண்டும் ஏறவேயில்லை.

மூன்றாண்டுகள்! பிரித்தானியத் தொழிலாளர் வரலாற்றிலே இத்துணை நீண்ட போராட்டம் அரிது. பலர் தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களை நாடிச் சென்றனர். ஊரின் பாடகர் குழுக்கள் இங்கிலாந்தின் நகரங்கள்தோறும் பாடிப் பொருள் சேர்த்து அடுப்புகளை எரியச் செய்தன. 1901 யூனில் குவாரி மீளத் திறக்கப்பட்டபோது சுமார் நானூறு பேர் வேலைக்குத் திரும்பினர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கப்பவுண் பரிசளிக்கப்பட்டது. அதற்கு விடையாக, தம் வீட்டிலே துரோகி எவருமிலர் எனப் பொறித்த அட்டைகள் ஊரின் சாளரங்களிலே தோன்றின. அட்டையுள்ள வீடும் அட்டையற்ற வீடும் அன்றிலிருந்து பகைவீடுகள் ஆயின. கருங்காலி எனப் பெயர்பெற்றவரின் வீட்டுச் சாளரங்கள் உடைந்தன, படையினர் வந்தனர். அண்ணனும் தம்பியும் முகம் பாராது சென்றனர். பிரபுவின் பிடிவாதத்தை எழுதுவோர் இதையும் மறைத்தல் ஆகாது.

இக்காலம் முழுவதும் பாரியின் பேனா ஓயவில்லை. 1901இல் இப்பிணக்கைப் பற்றி நூல் எழுதி நாட்டினர்முன் வைத்தார். பத்திரிகையொன்றிலே பிரபுவைக் கடுமையாகச் சாடி எழுதியதற்காக அவர்மீது மானநட்ட வழக்குத் தொடரப்பட்டது. 1903ஆம் ஆண்டிலே இலண்டனில் நடந்த விசாரணையின் முடிவில் பிரபுவுக்கு ஐந்நூறு பவுண் இழப்பீடு தீர்ப்பாயிற்று. வழக்குச் செலவும் அதனோடு சேர்ந்தது. எழுத்துக்கு இதுவே விலையாயிற்று.

அவ்வாண்டு நவம்பரிலே வெளியுதவி வற்ற, போராட்டம் தோல்வியில் முடிந்தது. வேலையற்றோருக்கென்று ஆதரவாளரின் பொருளைக்கொண்டு அயலிலே சிறு குவாரிகள் தொடங்கப்பட்டன; பாரி அம்முயற்சியிலும் தோள்கொடுத்தார். மலையைத் தொழிலாளரே ஆளும் கனவு அது. ஆயினும், கல்லின் சந்தை அதற்குள் சரிந்துவிட்டது. கட்டட வேலை குன்றிற்று. பிறநாட்டுக் கல்லும் சுட்ட ஓடும் கூரைகளைப் பிடித்தன. சிறு குவாரிகள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வென்ற பிரபுவுக்கும் பழைய சந்தை மீளவில்லை. அவர் 1907இல் மறைந்தார். சங்கம் 1923இல் பெரிய போக்குவரத்துத் தொழிற்சங்கத்தோடு இணைந்தது. பாரி 1927இல் கண்மூடினார்.

அவர் வாழ்வை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? காசுக் கணக்கிலே பார்ப்பின் தோல்வியே. மூன்றாண்டிலே இழந்த கூலியை எந்த உயர்வும் ஈடுசெய்திராது. ஆனால், அம்மக்கள் கேட்டது காசு மாத்திரமன்று. தாம் தெரிந்தெடுத்தவர் வாயிலாகத் தம் குறை கேட்கப்படவேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். 1874இல் பாரி ஏட்டில் எழுதுவித்த அவ்வொரு வரி, பின்னர் பல நாடுகளிலும் தொழிற்சட்டமாய் நிலைபெற்றது. வேல்ஸின் கற்குவாரி நிலம் 2021இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர்ச் சாளரங்களிலே தொங்கிய அட்டைகளோ, இரு வீட்டாரின் பேரர் காலத்திலும் மறக்கப்படவில்லை. கற்பலகையில் எழுதியதைத் துடைத்துவிடலாம். அக்கல்லை வெட்டியவரின் நெஞ்சில் எழுதப்பட்டதைத் துடைத்தல் எளிதன்று.